பாடும் பண்பும்

பிறர் இயல்பை ஆராயப் புகுவார் உலகிற் பலர்; தம் இயல்பை ஆராய்வார் மிகச் சிலர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கோ மாந்தர் இயல்பை ஆராய்தல் ஒரு பாடமாகவே வகுக்கப்பட்டுள்ளது. திருக்குறளின் 1,330 குறட்பாக்களையும், நாலடியாரின் 400 வெண்பாக்களையும், பழமொழி நானூற்றையும் ஓதுகின்றோம். நடுவுநிலைமை யாது, அடக்கமுடைமை யாது, வெஃகாமை யாது என்று எவரேனும் வினவின் தடையின்றி விடையிறுக்கின்றோம். ஆயினும் விடை கூறுதல் ஒன்று. அவ்விடையின்வழி நிற்றல் மற்றொன்று. அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை எமக்கு அளந்து காட்டியவை இரண்டு சிறு நிகழ்ச்சிகள். ஒன்று கழிக்கரையில் நிகழ்ந்தது. மற்றொன்று நூலகத்தில் நிகழ்ந்தது. இரண்டையும் பிணைப்பது 'பாடு' என்னும் ஒரு சொல். அச்சொல்லைக் குறித்தே ஈண்டுச் சில கூறக் கருதுகின்றோம்.

'பாடு' என்பது 'படு' என்னும் அடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். பெருமை, ஓசை, உழைப்பு, துன்பம், நிலைமை எனப் பல பொருள்களில் அது வழங்குகின்றது. உழவன் பாடுபடுகின்றான் என்கின்றோம். இல்லறத்தின் சுமை மிக்கவழித் தாயர் தம் பாடு பெரும்பாடாயிற்று என்று புலம்புகின்றனர். கிறித்தவராகிய எம்மனோர் ஆண்டவரின் சிலுவைத் துன்பங்களைத் 'திருப்பாடுகள்' என்று போற்றுகின்றனர். ஆனால், வடசென்னைக்கு அப்பாலுள்ள கழிக்கரை மீனவரிடையே இச்சொல்லுக்கு அகராதியில் எளிதிற் காணப்பெறாத வேறொரு பொருளும் உண்டு. வலையிடுதற்குரிய இடமும், அவ்விடத்தில் வலையிடுதற்கு ஒருவர்க்கு வாய்த்த முறையும் ஆகிய இரண்டையும் அவர்கள் 'பாடு' என்றே கூறுவர்.

அச்சொல் வழங்கும் இடத்தை முதலிற் காண்போம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகியவற்றைக் கடந்து வடக்கே சென்றால் எண்ணூர் வரும். அங்கே கொசத்தலையாறு பரந்து கழியாகிக் கடலிற் புகுகின்றது. அவ்வாயிலை அடுத்து முகத்துவாரக்குப்பம் என்னும் ஊர் உள்ளது. ஊரின் பெயரே அதன் இருப்பிடத்தை உரைத்து நிற்கும். ஒருபுறம் வங்கக்கடல்; மற்றொருபுறம் உப்பும் நன்னீரும் கலந்த கழி. கழியின் கரைகளில் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தோன்றும். வடக்கே 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற துறைமுகத்திற்குச் செல்லும் கப்பல்கள் தொலைவில் நிற்கும். இவற்றின் இடையே, நீரின் ஏற்றவற்றத்தை நோக்கி, இறாலும் நண்டும் மடவையும் தேடி வாழும் மக்கள் அவ்வூரார். இராயபுரத்திற் பிறந்து வளர்ந்த எமக்கு அவ்வூர் தாய்மாமன் ஊர். விடுமுறை நாட்களெல்லாம் அங்கேயே கழிந்தன.

இனி, பாடு என்னும் முறையின் இயல்பைக் கூறுவோம். கழி எங்கும் மீன் ஒருபடித்தாய் இராது. நீரோட்டம் விரைந்து செல்லும் வாய்க்கால்களில் இறால் மிகுதியும் படும். பிற இடங்களில் அருகியே படும். நல்ல இடத்தை நாடி அனைவரும் ஒருங்கே சென்றால் வலையோடு வலை பின்னும். வலியவன் பெறுவான், எளியவன் இழப்பான். பின்பு வலைகள் மட்டுமன்றி உறவுகளும் அறும். இதனை அறிந்த முன்னோர், வலையிடும் இடங்களை வகுத்து, இன்ன நாளில் இன்னார் என்று முறை வைத்தனர். எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியில் இம்முறை நன்கு வேரூன்றியது. உரிமையுடைய குடும்பத்தார் ஒன்றுகூடிச் சீட்டிட்டுத் தம் முறையைத் தெரிந்துகொள்வர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். இன்று கரையிலிருந்து நோக்கியவன் நாளை நீரில் இறங்குவான். தன் முறைநாளிற் படுவது ஒரு கூடை இறாலாயினும் ஒரு கைப்பிடி இறாலாயினும் அது அவனுடையது. பிறன் முறைநாளில் நீரில் எத்துணை இறால் திரியினும் அது பிறனுடையது.

எமக்குப் பன்னிரண்டு அகவை நிரம்பியிருந்தபோது நிகழ்ந்தது இது. கோடை விடுமுறையில் ஓர் இரவு, எம் மாமன் மகனும் யாமும் எவரும் அறியாமற் சிறிய வலையொன்றை எடுத்துக்கொண்டு கழியில் இறங்கினோம். அன்று மாமனுக்குரிய முறைநாள் அன்று என்பதை இருவரும் அறிவோம். இருள் மிக்கிருந்தது, நீர் வற்றத் தொடங்கியிருந்தது, வலை கனத்தது. விடியுமுன் ஒரு வாளி நிறைய இறாலோடு கரையேறினோம். கரையிற் பெரியவர் ஒருவர் அமர்ந்து பழைய வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். வாளியை நோக்கினார், எம் முகங்களை நோக்கினார், ஒன்றே ஒன்று வினவினார். "இன்னிக்கி யாரு பாடுடா?" என்றார். யாம் வாய் திறவாது நின்றோம். அவர் அடிக்கவில்லை, வையவுமில்லை. எழுந்து முன்னே நடந்தார். யாம் வாளியோடு பின்னே சென்றோம்.

அன்றைய முறைக்குரியவர் காய்ச்சலுற்றுப் படுத்திருந்தமையால் நீரில் இறங்கவில்லை. வாயிலில் அவர் தாய் நின்றார். ஊரார் அனைவர்க்கும் அவர் ஆயா. பெரியவர் நிகழ்ந்ததைக் கூறி வாளியை அவர் முன் வைக்கச் சொன்னார். ஆயா இறாலைத் தம் முறத்திற் கொட்டினார். அதிலிருந்து இரு கையளவு அள்ளி மீண்டும் எம் வாளியில் இட்டார். பின்பு அவர் கூறியதை அவர் மொழியிலேயே எழுதுகின்றோம். "பசின்னா கேளு கண்ணு, குடுக்குறேன். என் மொறையவே எடுத்துட்டா, அப்புறம் நான் எதக் குடுக்குறது?"

இச்சொற்களின் ஆழம் அன்று எமக்கு விளங்கவில்லை. வெட்கம் ஒன்றே விளங்கிற்று. திருக்குறளை முறையாகப் பயின்ற பின்னரே அதன் ஆழம் சிறிது சிறிதாகப் புலனாயிற்று. வள்ளுவர் ஆசையைப் பற்றி இரண்டிடங்களில் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளார். பிறர் பொருளை விரும்பாமையைக் கூறும் வெஃகாமை இல்லறவியலில் 18ஆம் அதிகாரமாக நிற்கின்றது. ஆசையையே வேரறுக்கும் அவாவறுத்தல் துறவறவியலில் 37ஆம் அதிகாரமாக நிற்கின்றது. இவ்வமைப்பிலேயே ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. இல்வாழ்வானை நோக்கி, நீ எதையும் விரும்பாதே என்று ஆசிரியர் கூறவில்லை. பிறனுக்குரியதை விரும்பாதே என்றே கூறுகின்றார். ஆசையை அறுப்பவன் துறவி. ஆசைக்கு எல்லை கோலுபவன் இல்லறத்தான். எண்ணூருக்குத் தெற்கே, இதே கடற்கரையில், திருவொற்றியூரில் பட்டினத்தாரின் சமாதிக்கோயில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகராயிருந்து அனைத்தையும் துறந்து வந்தவர் அவர் என்று வரலாறு கூறும். அவரது வழி பெரிது. ஆயினும் மனைவி மக்களோடு வாழும் மீனவன் அவ்வழியே செல்லுதல் இயலாது. அவனுக்கு வலை வேண்டும், மீன் வேண்டும், மீனுக்கு விலையும் வேண்டும். அவனுடைய ஆசைக்கு வேலியாக அமைந்ததே பாடு.

அன்றியும், சீட்டிடுதலில் மற்றொரு நன்மை உண்டு. நல்ல இடத்தைத் திறமையாற் பெற்றேன் என்று ஒருவன் செருக்குறுவதற்கும், சூழ்ச்சியாற் பெற்றான் என்று மற்றொருவன் அழுக்காறு கொள்வதற்கும் அது இடம் தருவதில்லை. பராந்தக சோழனது காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உத்திரமேரூர் மக்கள் ஊர் வாரியத்திற்குரியாரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த செய்தி கல்வெட்டிற் காணப்படுகின்றது. வலியோர் இருவரிடையே எழும் வழக்கைச் சீட்டு தீர்த்துவைக்கும் என்னும் கருத்து சாலொமோனின் நீதிமொழிகளிலும் உண்டு. தமக்குள்ளே செருக்கும் அழுக்காறும் உறங்கிக்கிடப்பதை அறிந்தோரே இத்தகைய முறைகளை அமைத்திருத்தல் வேண்டும். மாந்தர் எல்லாரும் நல்லர் என்று நம்பியவர்க்குச் சீட்டு வேண்டா. எல்லாரும் தீயர் என்று நம்பியவர்க்குச் சீட்டினால் பயனில்லை. இரண்டிற்கும் நடுவே மாந்தரை உள்ளவாறு அறிந்தோர்க்கே அது வேண்டும்.

இதற்கு மாறாக எண்ணிய அறிஞரும் உளர். அமெரிக்க உயிரியலறிஞர் காரட் ஹார்டின் என்பார் 1968ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், பொதுமேய்ச்சல் நிலம் ஒன்றை எடுத்துக்காட்டி, ஒவ்வொருவனும் தன் நலம் கருதி ஒரு மாட்டை மிகுத்துக்கொண்டே செல்வானாதலின் பொதுவுடைமை பாழாதல் ஒருதலை என்றார். எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் அதனை அவ்வாறே ஏற்கவில்லை. உலகின் பல பகுதிகளில் பொதுநீரையும் பொதுக்காட்டையும் பொதுமக்களே முறை வகுத்துக் காத்துவருதலை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டார். துருக்கி நாட்டில் அலானியா என்னும் கடற்கரையூரின் செய்தி அந்நூலில் உள்ளது. அவ்வூர் மீனவர் செப்டம்பர்த் திங்களில் சீட்டிட்டு வலையிடும் இடங்களைப் பெறுவர். பின்பு நாள்தோறும் ஒவ்வோர் இடமாகக் கிழக்கே நகர்வர். சனவரிக்குப் பின் மேற்கே நகர்வர். இவ்வாறு எல்லா இடமும் எல்லார்க்கும் கிட்டும். இதனைப் படித்தபோது எம் மாமன் ஊரையே நினைந்தோம். மொழியும் சமயமும் வேறாகிய அக்கரைக்கும் இக்கரைக்கும் மாந்தர் இயல்பு ஒன்றாயிருத்தலின் மருந்தும் ஒன்றாயிற்றுப் போலும். அவ்வம்மையார்க்கு 2009ஆம் ஆண்டு பொருளியலுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

நிற்க. இவற்றையெல்லாம் அறிந்த பின்பு யாம் எவ்வாறு ஒழுகினோம் என்பதைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. சென்ற தேர்வுக்கு முன் நிகழ்ந்தது இது. கலித்தொகைக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை எம் வகுப்பார் அனைவர்க்கும் வேண்டியிருந்தது. நூலகத்தில் நன்னிலையிலிருந்த படி ஒன்றே. அதனை இல்லத்திற்கு எடுத்துச் செல்லுதல் கூடாதாகலின், மாலையிற் பயின்ற பின் அதனை உரிய இடத்தில் வையாது, எவரும் தேடாத கணித நூல்களின் பின்னே செருகிவிட்டு வந்தோம். மறுநாளும் அவ்வாறே செய்தோம். எம் வகுப்புத் தோழர் ஒருவர், தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயில்பவர், மூன்று நாள் அந்நூலைத் தேடினார். எம்மிடமே வந்து, "கலித்தொகையைப் பார்த்தீர்களா?" என்றும் வினவினார். யாம் இல்லை என்றோம்.

மூன்றாம் நாள் மாலை நெய்தற்கலியின் பதினாறாம் பாட்டைப் பயின்றோம். தலைவியை மணந்துகொள்ளாது காலம் நீட்டிக்கும் தலைவனுக்குத் தோழி கூறும் பாட்டு அது. ஆற்றுதல், போற்றுதல், பண்பு, அன்பு, அறிவு, செறிவு, நிறை, முறை, பொறை என ஒன்பது குணங்களை நிரலே எடுத்து, ஒவ்வொன்றற்கும் இலக்கணம் கூறுகின்றாள். பண்பிற்கு அவள் கூறும் இலக்கணத்தில் 'பாடு' என்னும் சொல் நிற்கின்றது. பாட்டினை அறிந்து அதற்கேற்ப நடத்தலே பண்பு என்பது அவள் கருத்து. பரிமேலழகரும் பண்புடைமை என்னும் 100ஆம் அதிகாரத்தின் தோற்றுவாயில், பண்பாவது எல்லார் இயல்புகளையும் அறிந்து ஒத்து ஒழுகுதல் என்று விளக்கி, இக்கலித்தொகை அடியையே மேற்கோளாகக் காட்டுவர்.

அங்கே பாடு என்பது மீனவர் கூறும் முறைநாளைக் குறிப்பதன்று. அதனை யாம் அறிவோம். ஆயினும் நெய்தல் நிலத்துப் பாட்டில் அச்சொல்லைக் கண்டவுடன் நெய்தல் நிலத்து ஆயாவின் குரல் எம் செவியில் ஒலித்தது. இன்று யார் பாடு என்று எவரோ வினவியது போலிருந்தது. பண்பின் இலக்கணத்தைத் திருடிய நூலில் இருந்து பயின்றுகொண்டிருந்தோம்! எம் முகம் அன்று எவ்வாறிருந்ததோ அறியோம். நூலை எடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடித் தோழரை அழைத்துவந்து, மறைத்த இடத்தையும் காட்டி, நடந்ததைக் கூறினோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "காலையில் நான் படிக்கிறேன், மாலையில் நீங்கள் படியுங்கள்" என்றார். மற்றும் இருவர் சேர்ந்தனர். நால்வர் பெயரும் வேளையும் எழுதிய சீட்டொன்றை அந்நூலுள் வைத்தோம். எம்முடைய முதல் பாடு அதுவே.

இதனால் யாம் கற்றது யாது? ஒழுக்கம் ஒருமுறை கற்றுவிட்டால் என்றும் நிலைப்பதன்று என்பதே. கட்டடம் கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாவது போல, நற்செயல் செய்து செய்தே ஒருவன் நல்லவனாகின்றான் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூறினார். கழிக்கரையில் எம்மை நோக்கி வினவப் பெரியவர் ஒருவர் இருந்தார். முறையை நினைவூட்ட ஊர் இருந்தது. நூலகத்தில் அவ்விரண்டும் இல்லை. எம் ஒழுக்கமும் இல்லாதொழிந்தது. கரையில் எவரும் இல்லாதபோதும் அவ்வினாவைத் தானே தன்னை நோக்கி வினவிக்கொள்பவனே பண்புடையவன். ஏனையோராகிய எமக்கு ஊரும் முறையும் சீட்டும் வேண்டும். அவற்றைச் சிறுமை என்று கருதுதல் தவறு.

இனி, பாட்டின் குறையையும் மறைத்தல் ஆகாது. அது உரிமை பெற்ற குடும்பங்களுக்கே உரியது. அவ்வட்டத்திற்கு வெளியே நின்று அதே நீரை நம்பி வாழ்வோரும் உளர்; பெண்டிர்க்கும் தொன்றுதொட்டு அதிற் பங்கில்லை. இதுபற்றிப் பழவேற்காட்டுப் பகுதியிற் பூசல்கள் எழுந்ததுண்டு. தம்முள் முறை பேணுவோர் தமக்குப் புறத்தாரிடம் முறை மறத்தலும் மாந்தர் இயல்பே. நான்கு மாணவர் தமக்குள் சீட்டெழுதிக்கொண்ட அன்று, ஐந்தாமவர் ஒருவர் அந்நூலை நாடி வந்திருந்தால் யாம் என் செய்திருப்போம் என்று பன்முறை எண்ணியதுண்டு. வட்டத்தை இடுதல் அறிவு. அதனை விரித்துக்கொண்டே செல்லுதல் பேரறிவு.

மற்றுமொன்று கூறி முடிப்போம். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலின் பெருமழையால் வெள்ளம் பெருகியபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்திற் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் ஆற்றின் வழியாகவும் எண்ணூர்க் கழியிற் பரவிற்று. அப்போது பள்ளி மாணவராயிருந்த யாம் மாமன் இல்லம் சென்று கண்டோம். நீர் கறுத்துக் கிடந்தது. அலையாத்திச் செடிகளின் வேர்களிலும் படகுகளின் விலாவிலும் எண்ணெய் படிந்திருந்தது. வலைகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. மீனவர் படகுகளில் நின்று வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டனர். வெவ்வேறு முறைநாளுக்குரியவர்கள் ஒரே படகில் நின்றதை அன்றுதான் கண்டோம். அன்று கழியில் எவர் பாடும் இல்லை. ஆதலின் அது எல்லார் பாடும் ஆயிற்று. பின்னர் அரசினர் 2,301 மீனவக் குடும்பங்களுக்குக் குடும்பத்திற்கு 12,500 ரூபாயும், பழுதுற்ற 787 படகுகளுக்குப் படகிற்கு 10,000 ரூபாயும் உதவியாக அறிவித்தனர். வலைக்கும் படகிற்கும் ஓரளவு ஈடு உண்டு. முறைநாள் வந்தும் இறங்க நீரில்லாதவனுக்கு எதனை ஈடாகக் கொடுப்பது? ஆயாவின் வினா மீண்டும் எழுகின்றது. முறையையே எடுத்துவிட்டபின் கொடுப்பதற்கு என்ன இருக்கின்றது?

ஒரு நீர்நிலை அழியுமாயின் அழிவது மீன் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்க்குக் காத்திருத்தலைக் கற்பித்த பள்ளியும் அழிகின்றது. மீனற்ற கழியில் முறை எதற்கு? முறையற்ற ஊரில், இன்று யார் பாடு என்று சிறுவனை வினவுவார் யார்? அவ்வினா ஒழிந்துபோனால், பாடு என்னும் சொல்லுக்குப் பெருமை என்னும் பொருளும் முறை என்னும் பொருளும் மறைந்து, துன்பம் என்னும் பொருள் ஒன்றே எஞ்சும்.

ஆதலின், மாணவ நண்பர்காள், நீதிநூல்களை ஓதுங்கால் அவற்றுக்குரிய நிலத்தையும் நீரையும் மாந்தரையும் நினைந்து ஓதுவோமாக. உணவு விடுதியின் வரிசையிலும், பேருந்தின் வாயிலிலும், நூலகத்தின் அலமாரியின் முன்னும், இது யார் பாடு என்று நம்மை நாமே வினவுவோமாக. கலித்தொகையினுள் நால்வர் வைத்த சீட்டு இன்றும் அந்நூலிலேயே உள்ளது. அதன் அடியில் ஐந்தாம் பெயருக்கு இடம் விட்டிருக்கின்றோம்.